எட்டு வயதுப் பிள்ளையும் ஏழாம் இலக்கப் பந்தும்

கேள்வி: மல்லாவியில் வசிக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, தரம் 3 இல் படிக்கிறாள். சென்ற விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் அண்ணாவின் மகன் தன்னுடைய கூடைப்பந்தை இவளிடம் விட்டுச் சென்றான். அன்றிலிருந்து முற்றத்தில் பந்தும் இவளுமாகத்தான் இருக்கிறாள். முறையாகப் பழக வேண்டும் என்று அழுகிறாள். பாடசாலையில் வலைப்பந்தாட்டம் மட்டுமே உண்டு. கிளிநொச்சியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்துகிறார். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். இப்போதே சேர்த்தால் தேசிய அணி வரை கொண்டு போகலாம் என்கிறார். புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும் என்கிறார் கணவர். பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு, உயரமும் இல்லையே என்கிறார் மாமியார். போன கிழமை பந்து பட்டு மகளின் விரலும் வீங்கிவிட்டது. தகுந்த பயிற்றுநரை எங்கே தேடுவது, எப்படி அறிந்துகொள்வது?
— ஒரு தாய், மல்லாவி

அன்புள்ள தாயாருக்கு, வணக்கம்.

நீங்கள் கடைசியாக எழுதிய விரலில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற விடயங்கள் ஒரு கிழமை பொறுத்திருந்தாலும் அது பொறுத்திருக்காது. வீக்கம் இன்னும் வற்றவில்லை என்றாலோ, பிள்ளையால் விரலை முழுமையாக மடக்கவோ நீட்டவோ முடியவில்லை என்றாலோ, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளுக்கு அருகே இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதி இருக்கும். அதில் ஏற்படும் காயம் வெளியே வெறும் சுளுக்கைப் போலவே தோன்றும். எண்ணெய் போட்டு உருவி, சொடுக்கு எடுத்து விடும் வழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் செய்ய விடாதீர்கள். அடிபட்ட அன்று குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, பக்கத்து விரலோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, பந்தை எடுத்து ஒளித்து வைத்தால் போதுமானது.

இனி அந்தப் பந்தைக் கையில் எடுத்து, காற்று அடிக்கும் துளைக்கு அருகே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். வளர்ந்த பையனுடைய பந்து என்பதால் பெரும்பாலும் 7 என்றே இருக்கும். ஆண்கள் ஆடுகின்ற அந்தப் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர், நிறை 600 கிராம் அளவில் வரும். உங்கள் மகள் இருபத்துநான்கு கிலோ இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவளுடைய நிறையில் நாற்பதில் ஒரு பங்கு அந்தப் பந்து. அதே கணக்கில் எழுபது கிலோ நிறையுள்ள உங்கள் கணவருடைய கையில் ஒன்றேமுக்கால் கிலோ பந்தொன்றைக் கொடுத்து, வேகமாக எறிகிறேன், பிடியுங்கள் என்று சொல்வதற்கு அது சமம். விரல் வீங்காமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியது 5 ஆம் இலக்கப் பந்து. அதன் சுற்றளவு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர், நிறை 500 கிராமுக்குள்.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதலாவது வருடம், பாடசாலையில் இருந்த இரண்டு பந்துகளும் 7 ஆம் இலக்கம், இருந்த ஒரேயொரு வளையமும் பெரியவர்களுக்குரியது. தரம் 4 பிள்ளைகளை அந்த வளையத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி எறியச் சொன்னேன். எட்டாத உயரத்துக்குப் பாரமான பந்தை அனுப்ப வேண்டியிருந்ததால், அந்தப் பிள்ளைகள் பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், கிணற்றிலிருந்து வாளி நீரை வீசி ஊற்றுகிறவர்களைப் போல உடம்பை முறுக்கி வீசப் பழகினார்கள். நான்கைந்து வருடங்களின் பின், வளர்ந்து பலம் வந்த பிறகும், அதே பிள்ளைகள் அதே முறுக்கோடுதான் எறிந்தார்கள். திருத்துவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல, சிலரிடம் அது கடைசி வரை திருந்தவே இல்லை. குற்றம் பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது.

வளையத்தின் உயரம் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூடைப்பந்தாட்டத்தை 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், உங்கள் மருமகன் வாழுகின்ற அதே ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த கனடாக்காரர், உடற்கல்வி ஆசிரியர். குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் அடைபட்டுக் கிடந்த இளைஞர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கைப்பிடிச் சட்டத்தில் அறைந்தார். அந்தச் சட்டம் தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். 3.05 மீற்றர் என்று இன்று உலகம் முழுவதும் அளந்து பொருத்தப்படுகின்ற உயரம், வளர்ந்த ஆண்கள் நின்ற ஒரு மண்டபத்தின் தச்சு வேலையிலிருந்து வந்தது. எட்டு வயதுப் பிள்ளையை நினைத்து எவரும் அதைத் தீர்மானிக்கவில்லை. இதை உணர்ந்துதான் 1950 அளவில் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்ரன் நகரில் ஜே ஆர்ச்சர் என்பவர் சிறுவர்களுக்காக வளையத்தைத் தாழ்த்தி, பந்தைச் சிறிதாக்கினார். அதுவே பின்னர் மினி கூடைப்பந்து என்று பல நாடுகளுக்கும் பரவியது. அதில் வளையம் 2.60 மீற்றர் உயரத்தில் இருக்கும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.யும் 2016 இல் வெளியிட்ட சிறுவர் வழிகாட்டலில் ஏழு, எட்டு வயதினருக்கு எட்டடி வளையத்தையும் 5 ஆம் இலக்கப் பந்தையும், கிழமைக்கு ஒரேயொரு பயிற்சியையும், அதுவும் அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரையிலான பயிற்சியையுமே பரிந்துரைத்திருக்கிறது. இந்த விளையாட்டையே தொழிலாகக் கொண்ட ஊரில் இவ்வளவுதான் கேட்கிறார்கள் என்பதை, தேசிய அணி என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ‘கூடைப்பந்துப் பயிற்றுநர்’ என்ற பெயர்ப்பலகையை அல்ல. இந்த வயதில் அவள் கற்க வேண்டியவை, பந்தை உள்ளங்கையால் அடிக்காமல் விரல்களால் தட்டுவது, தட்டும்போது பந்தைப் பார்க்காமல் தலையை நிமிர்த்தி வைத்திருப்பது, வலது கையைப் போலவே இடது கையையும் பழக்குவது, ஓடிவந்து இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் முழங்கால் மடித்து நிற்பது, ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி மற்றக் காலால் திரும்புவது, நெஞ்சுக்கு நேராகவும் நிலத்தில் பட்டெழும்பவும் பந்தைக் கொடுப்பது, வருகின்ற பந்தைக் கை நீட்டி வாங்குவது என்பனவே. இவற்றில் பாதிக்கு மேல் வலைப்பந்தாட்டத்திலும் உண்டு. உங்கள் மகளின் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் மட்டுமே இருப்பதை நீங்கள் கடிதத்தில் ஒரு குறையாகவே குறிப்பிட்டிருக்கிறீர்கள். நானோ அதைப் பழக்குகின்ற ஆசிரியையிடமிருந்தே தொடங்கச் சொல்வேன். வலைப்பந்தின் வளையமும் அதே 3.05 மீற்றர் உயரம்தான். 38 சென்ரிமீற்றர் அகலமே கொண்டது என்பதாலும், பின்னால் பலகை இல்லை என்பதாலும், அதில் பந்தைப் போடுவது கூடைப்பந்தின் 45 சென்ரிமீற்றர் வளையத்தில் போடுவதை விடக் கடினம். பந்தைப் பிடித்தபோது ஊன்றிய காலிலேயே நின்று திரும்புவதும், மூன்று விநாடிக்குள் யாருக்குக் கொடுப்பது என்று கண் தேடுவதும் அங்கே கட்டாயம். இல்லாதது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது ஒன்றுதான், அதைப் பிள்ளை முற்றத்தில் தானாகவே பழகிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆசிரியையிடம் வெறுங்கையோடு போய், மகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டால், பாவம், அவருக்கு இருக்கிற வேலைக்கு மேலே அது இன்னொரு சுமையாகத்தான் தெரியும். தரம் 3, 4 இல் விருப்பமுள்ள ஏழெட்டுப் பிள்ளைகளின் பெற்றோரை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை விட்ட பின் கிழமைக்கு ஒருநாள் நாற்பது நிமிடம், பெற்றோரில் ஒருவர் எப்போதும் உடனிருப்பார், பந்துகளை நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் முழுவதும் போய்விடும் என்பதால், இரண்டாந் தவணையில் தொடங்குவதாக எழுதினால் மறுப்பு வர வாய்ப்புக் குறைவு.

அடுத்ததாக, துணுக்காய்ப் பிரதேச செயலகத்தில் இருக்கின்ற விளையாட்டு உத்தியோகத்தரையும், துணுக்காய் வலயக் கல்விப் பணிமனையில் உடற்கல்விக்குப் பொறுப்பானவரையும் நேரில் சந்தியுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘பார்ப்போம்’ என்றுதான் பதில் வரும். நேரில் போய் எதிரே அமர்ந்தால் பதிவேட்டைத் திறப்பார்கள், இது என் அனுபவம். ‘பயிற்சி உண்டா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த வலயத்தில் கூடைப்பந்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் எந்தப் பாடசாலையில் இருக்கிறார், பயிற்சி முகாம் எதுவும் நடந்தால் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வந்து பார்க்கலாமா, 5 ஆம் இலக்கப் பந்துகள் பாடசாலைக்குப் பெற வழி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வேறு மாகாணத்திலிருந்து இடமாற்றமாகி வந்து, தான் பாடசாலைக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர் என்று எவருக்கும் சொல்லாமல் கணக்கோ ஆங்கிலமோ படிப்பித்துக்கொண்டிருக்கின்ற ஆசிரியர்களை நான் ஒன்றுக்கு இரண்டு தடவை இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் மட்டக்களப்புக்காரர் என்றால் இன்னும் நல்லது.

ஏன் மட்டக்களப்பைச் சொல்கிறேன் என்றால், பெரிய நகரங்களின் வசதி இல்லாத ஓர் இடத்தில் ஒருவர் மனம் வைத்தால் இந்த விளையாட்டு எப்படி வேரூன்றும் என்பதற்கு அங்கே சான்று இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் கிழக்கில் பல்லாண்டு காலம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் பெயர் இன்றும் கூடைப்பந்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதற்கு அவரும் ஒரு காரணம். 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். அவரிடம் பழகியவர்கள் வளர்ந்து, தாங்களும் பழக்கினார்கள்.

இனிக் கிளிநொச்சி வகுப்புக்கு வருகிறேன். நான் அவரை அறியேன், ஆகவே நல்லவர் என்றோ அல்லர் என்றோ சொல்லப் போவதில்லை. நீங்களே அறிந்துகொள்ளும் வழியைத்தான் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் போய் ஒரு வகுப்பை முழுமையாகப் பாருங்கள். பார்க்க வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விடயம் முடிந்தது, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். பார்க்க விட்டால், ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து, அந்தப் பிள்ளையின் கையில் பந்து எத்தனை நிமிடம் இருக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள். இருபது பிள்ளைகள், இரண்டு வரிசை, இரண்டு பந்து என்று நடக்கின்ற வகுப்பில் ஒரு முறைக்கு இருபது விநாடி என்றால், ஒரு பிள்ளைக்குத் திரும்பவும் முறை வர மூன்று நிமிடமும் இருபது விநாடியும் ஆகும். நாற்பத்தைந்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை பந்தோடு இருந்தது நாலரை நிமிடம். மிச்ச நேரமெல்லாம் வெயிலில் வரிசையில் நின்றதற்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். ஆளுக்கொரு பந்து, அது முடியாவிட்டால் இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்து என்று வைத்து, அரை மைதானத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர் என ஆட விடுகிறவர், தகுதிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டாவிட்டாலும், தொழில் தெரிந்தவர். மூவர் ஆட்டம் என்றவுடன் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரேயொரு வளையத்தோடு ஆடப்படுகின்ற அந்த வடிவம் 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

பிள்ளை பிழைவிடும்போது அவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனியுங்கள். பந்து கையை விட்டு ஓடியதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறாரா, எல்லோருக்கும் முன்னால் பெயர் சொல்லிக் கேலி செய்கிறாரா, அல்லது பக்கத்தில் குனிந்து ஒரு சொல்லில் திருத்திவிட்டு விலகுகிறாரா? விசிலை அடிக்கடி ஊதி நிறுத்தி நீண்ட நேரம் விளக்குகிறவரிடம் எட்டு வயதுப் பிள்ளைகள் எதையும் கற்பதில்லை. அவர்களின் கண் அதற்குள் காகத்தைப் பார்க்கப் போய்விடும். வெற்றி தோல்வி எண்ணுகின்ற ஆட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் ஆட, மற்றவர்கள் ஓரத்தில் இருந்து தண்ணீர்ப் போத்தல் காவுகிறார்களா என்றும் பாருங்கள்.

பெண்பிள்ளையின் தாய் என்ற வகையில் நீங்கள் கேட்கத் தயங்கியதை நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நடக்கும் இடம் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும்; பெண் ஒருவர், ஆசிரியையோ பெற்றோரோ, எப்போதும் அங்கே இருக்க வேண்டும். பயிற்றுநர் தன் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைத் தனியே ஏற்றி இறக்கக் கூடாது. செய்தி அனுப்புவதென்றால் பெற்றோரின் தொலைபேசிக்கே அனுப்ப வேண்டும். கையைப் பிடித்துத் திருத்த வேண்டிய தேவை வந்தால் எல்லோர் முன்னிலையிலும், சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். இவற்றை முதல்நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். நல்ல பயிற்றுநர் இதனால் மனவருத்தப்பட மாட்டார், தனக்கும் அது பாதுகாப்பு என்று அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது நடப்பதாக ஐயம் எழுந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எங்கிருந்தும் அறிவிக்கலாம்.

மூன்று மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்பதைப் பற்றி: பந்து வாங்கவும் மைதானத்துக்குக் கட்டவும் முன்பணம் தேவைப்படுவது இயல்பே. எனினும் முதலாவது மாதத்துக்கு மாத்திரம் கட்டுகிறேன், பிள்ளைக்குப் பிடித்தால் தொடர்வேன் என்று கேட்டுப் பாருங்கள். தேசிய அணி பற்றிய வாக்குறுதியைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். எட்டு வயதில் எவருடைய எதிர்காலத்தையும் எவராலும் கணிக்க முடியாது. பிள்ளைகளை ஒரே விளையாட்டில் மட்டும் நிறுத்துவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை பிற்போடும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2016 இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரே மூட்டுகளுக்கு ஓயாத வேலை, சலிப்பு, இடையில் கைவிடுதல் ஆகியவை காரணங்கள். உங்கள் மகள் ஓடட்டும், நீந்தட்டும், கிளித்தட்டும் விளையாடட்டும். கிளித்தட்டில் உடம்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் பாய்கின்ற பிள்ளைக்கு, பின்னாளில் எதிராளியைக் கடந்து போவது எப்படி என்று எந்தப் பயிற்றுநரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த வகுப்பு எவ்வளவுதான் நல்லதாக இருந்தாலும், ஒவ்வொரு ஞாயிறும் மாங்குளம் வந்து, ஏ-9 வீதியில் பஸ் பிடித்து, ஒரு மணித்தியாலப் பயிற்சிக்காக அரைநாளைச் செலவழிப்பது இந்த வயதுக்குத் தகாது என்பதே என் கருத்து. திரும்பி வரும்போது பிள்ளை பஸ்ஸில் உறங்கிவிடும். அடுத்தடுத்த ஞாயிறுகளில் போக மாட்டேன் என்று சொல்லத் தொடங்கும். பிறகு நாங்கள், பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்போம். மாதத்தில் ஒருநாள் ஒரு பயணம் போல அழைத்துச் சென்று, மற்ற நாட்களில் ஊரிலேயே பழக விடுங்கள். அவளுக்குப் பதினொரு, பன்னிரண்டு வயதாகி, அப்போதும் இதே ஆசை இருந்தால், அப்போது தூரம் பார்க்க வேண்டாம், நல்ல அணி உள்ள பாடசாலை எது என்று தேடுங்கள்.

உங்கள் கணவருக்கு: புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல் வருகிறது, பிள்ளை இப்போது தரம் 3 இல் இருக்கிறாள். கிழமைக்கு நாற்பது நிமிடமும், பின்னேரத்தில் முற்றத்தில் கால் மணித்தியாலமும் அந்தப் பரீட்சையைக் கெடுத்துவிடாது. ரியூசனால் வந்து சுருண்டு படுக்கின்ற பிள்ளையை விட, ஓடி வியர்த்துக் குளித்துவிட்டு வருகின்ற பிள்ளை புத்தகத்தின் முன் அதிக நேரம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். தரம் 5 இல் கடைசித் தவணைக்குப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். அதை அப்போது பேசுவோம்.

மாமியாருக்கு நான் சொல்வது வேறு. கூடைப்பந்து ஆடினால் உயரம் கூடும் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. உயரம் பெற்றோரிடமிருந்தும், சாப்பாட்டிலிருந்தும், உறக்கத்திலிருந்தும் வருவது. அதேபோல, எட்டு வயதில் கட்டையாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. உயரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் நினைவு வருபவர் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குலம் உயரமான அவர் ஆடிய இலங்கை அணி 2018 இல் ஆசிய வலைப்பந்தாட்டச் சாம்பியன் பட்டத்தை வென்றது. ஆனால் அவரை எட்ட வேண்டிய பந்தை எறிந்தவர்கள் எல்லோரும் சாதாரண உயரக்காரிகளே. கூடைப்பந்திலும் பந்தைத் தட்டிக்கொண்டு அணியை நடத்துகிறவர் பெரும்பாலும் அந்த அணியில் குள்ளமானவர்தான். பெண்பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு, அம்மம்மாவையோ அப்பம்மாவையோ ஒருநாள் பயிற்சிக்கு அழைத்துவந்து கதிரை போட்டு இருத்துங்கள். இரண்டாவது கிழமை அவரே தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்.

வீட்டில் செய்யக்கூடியதை இனிச் சொல்கிறேன். கிரவல் முற்றத்தில் பந்து கல்லில் பட்டுக் கண்டபடி துள்ளும், பிள்ளையும் வழுக்கும். சனசமூக நிலையத்தின் சீமெந்துத் தரையோ, அறுவடை இல்லாத காலத்தில் நெல் காயவிடும் தளமோ இருந்தால் கேட்டு வாங்குங்கள், முதலில் தும்புத்தடியால் மணலைக் கூட்டிவிட வேண்டும். வளையத்துக்கு வெல்டிங் கடையில் 12 மில்லிமீற்றர் கம்பியில் ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் வெட்டி வட்டமாக வளைத்தால், உட்புறம் 45 சென்ரிமீற்றர் கொண்ட வளையம் கிடைக்கும். ஒட்டிய இடத்தையும் நுனிகளையும் அரத்தால் நன்றாக மழுக்கச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து 2.40 மீற்றர், அதாவது ஏறத்தாழ எட்டடி உயரத்தில் பொருத்துங்கள். கம்பம் எறிகின்ற இடத்துக்கு நேரே முன்னால் நிற்காமல், பலகை முன்னால் நீட்டிக்கொண்டும் கம்பம் பின்னால் தள்ளியும் இருக்க வேண்டும். அதில் பழைய ரியூப்பையோ சாக்கையோ பிள்ளையின் தலை உயரம் வரை சுற்றிக் கட்டுங்கள். அடி ஆழமாகப் புதையாத கம்பத்தில் பிள்ளைகள் தொங்கினால் அது அப்படியே சரிந்து விழும், ஆகவே கொங்கிறீற் போடுவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பந்துக்குக் காற்று அடித்த பிறகு பிள்ளையின் தலை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்; அது அவளுடைய இடுப்புக்குச் சற்று மேலே எழும்பினால் சரி. நெஞ்சைத் தாண்டினால் காற்று அதிகம், அந்தப் பந்துதான் விரலை முறிக்கும்.

வன்னி வெயிலில் நாலரை மணிக்கு முன் தொடங்க வேண்டாம். தண்ணீரைத் தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணிக்கொரு தடவை கொடுங்கள். இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பக்கத்து யானைகளை நீங்கள் என்னை விட நன்கு அறிவீர்கள். விளையாடும் இடமும் மனிதர் தினமும் நடமாடும் இடமாகவே இருக்கட்டும். பந்து பற்றைக்குள் உருண்டால் பெரியவர் ஒருவர் போய் எடுத்து வரட்டும். வெறுங்காலோடு ஆட விடாதீர்கள், பாடசாலைச் சப்பாத்தின் தோல் அடி வழுக்கும், கன்வஸ் சப்பாத்துப் போதும். பிள்ளைக்கு முட்டு வருத்தம் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் மாதம் எறிவதையே மறந்துவிடுங்கள் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. அதனால் எறியட்டும், ஆனால் வளையத்துக்கு இரண்டு எட்டுக்குள் நின்று மட்டும். எறிகின்ற கையின் முழங்கை வெளியே விரியாமல் பந்துக்குக் கீழே இருக்க வேண்டும், மற்றக் கை பக்கத்தில் அணைத்துப் பிடிக்க மட்டுமே, பந்து கையை விட்ட பின் விரல்கள் வளையத்தை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் அவள் பலம் போடாமல் செய்யும் தூரமே அவளுடைய தூரம். அது தானாகக் கூடும்.

ரொறன்ரோப் பந்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அவளுக்கு அது வெறும் பந்து அல்ல. காற்றைக் கொஞ்சம் குறைத்து, இருந்தபடியே ஒரு காலைச் சுற்றி உருட்டவும், கால்களுக்கிடையே எட்டு என்ற இலக்கம் போலக் கொண்டுபோகவும், இடுப்பைச் சுற்றிக் கை மாற்றவும் கொடுங்கள். பிடிக்கவும் எறியவும் மட்டும் கூடாது. அண்ணாவிடம் அடுத்த முறை ஏதாவது அனுப்பச் சொல்வதென்றால், 5 ஆம் இலக்கத்தில் இரண்டு பந்தும் ஒரு கைப்பம்பும் ஊசிகளும் கேளுங்கள். ஊசி அடிக்கடி முறியும், அதனால் நாலைந்தாகவே அனுப்பச் சொல்லுங்கள்.